கட்டைவிரலுக்கு ஒரு விசைப்பலகை: கையடக்க விளையாட்டுக் கருவியில் எழுதுவது ஏன் இவ்வளவு சிரமம்?

சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த ஜிபிடி நிறுவனம் 2021இல் வின் 3 என்ற கையடக்க விளையாட்டுக் கணினியைக் கொண்டுவந்தது. திரையை மேலே தள்ளினால் அடியில் விசைப்பலகை தெரியும். ஆனால் அழுத்தினால் இறங்கும் விசை ஒன்றுகூட அதில் கிடையாது. தொடுதலை உணரும் வழவழப்பான தகடு மட்டுமே. அடுத்து வந்த வின் 4இல் அதே இடத்தில் 'டக்' என்று இறங்கும் விசைகள் திரும்பி வந்துவிட்டன. இடையில், 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக்கில் விசைப்பலகையே இல்லை. அயானியோ நிறுவனமோ ஸ்லைடு, ஃப்ளிப் ஆகிய கருவிகளில் அதை மீண்டும் பொருத்தியது.

ஒருவர் வைக்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் மாற்றிய வடிவத்தை அடுத்த ஆண்டே மாற்றுகிறார். வாங்க நினைப்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்காது. உள்ளங்கை அளவு விசைப்பலகை என்பது இன்னும் தீராத வடிவமைப்புச் சிக்கலா, அல்லது இடத்தை அடைக்கும் அலங்காரமா?

தீர்க்கக்கூடிய சிக்கல்தான். ஆனால் பெரும்பாலானோர் அதைத் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். 'விசை எவ்வளவு சிறியது' என்பதே பேச்சாக இருக்கிறது. மேசைக் கணினியில் மேசை பலகையைத் தாங்குகிறது, கைகள் எழுதுகின்றன. கையடக்கக் கருவியில் தாங்குவதும் எழுதுவதும் ஒரே கைகள். மற்ற எல்லாத் தொல்லைகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

## விளையாடும் கருவிக்கு எழுத்து எதற்கு?

விளையாட்டைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்து தேவைப்படுகிறது. வைஃபை கடவுச்சொல், கணக்கின் கடவுச்சொல், கடையில் தேடல், நண்பருக்கு ஒரு வரி. விண்டோஸ் அல்லது லினக்ஸ் ஓடும் கருவி என்றால் கோப்புப் பெயர்களும் கட்டளை வரிகளும் சேர்ந்துகொள்ளும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்து விளையாட்டுகள் பல, விசைப்பலகை இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே எழுதப்பட்டவை. அவற்றில் வரைபடத்துக்கு ஒரு விசை, மூட்டைக்கு ஒரு விசை என்று பதினைந்து இருபது விசைகள் வேண்டும்.

திரையில் தோன்றும் விசைப்பலகை இதற்கு மாற்றாகலாம். ஆனால் அது வந்தவுடன் திரையில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. எதற்காக எழுதுகிறோமோ அதுவே கண்ணிலிருந்து போய்விடுகிறது.

இந்தத் தேவையை முன்னரே உணர்ந்தவர்களில் பாண்டோரா கருவியை உருவாக்கியவர்களைச் சொல்ல வேண்டும். ஜிபி2எக்ஸ் என்ற பழைய கையடக்கக் கருவியைச் சுற்றி வளர்ந்த ஆர்வலர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்து திட்டமிட்ட லினக்ஸ் கருவி அது. 2010இல் வாங்கியவர் கைக்கு வந்தபோது, 4.3 அங்குலத் திரை, திசைப் பொத்தான், இரண்டு சிறு ஜாய்ஸ்டிக்குகள், கூடவே 43 விசைகள் கொண்ட பலகை என எல்லாம் ஒரே மடிப்பில் இருந்தன. இந்த 43 என்ற எண்ணைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

## நான்கு சொற்கள்

இனி வரும் விளக்கத்துக்கு இவை தேவை.

1. மையத்தொலைவு: ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை உள்ள தூரம். மேசைக் கணினியில் இது சுமார் 19 மி.மீ.
2. முகப்பு: விரல் படும் மேல்பரப்பு. மையத்தொலைவு பெரிதாக இருந்தாலும் முகப்பு சிறிதாக இருக்கலாம். அது குறையல்ல என்பதைக் கீழே பார்ப்போம்.
3. பயணம்: அழுத்தும்போது விசை இறங்கும் ஆழம். மேசைப் பலகைகளில் 3.5 முதல் 4 மி.மீ.; சிறு கருவிகளில் கால் மில்லிமீட்டரே இருக்கலாம்.
4. அடுக்கு: ஒரே விசைக்கு இரண்டாவது, மூன்றாவது வேலை கொடுப்பது. மஞ்சள் விசையை அழுத்திக்கொண்டு 'கே' தட்டினால் அடைப்புக்குறி வருவது போல.

## அகலத்தின் கணக்கு

பாண்டோராவின் அகலம் சுமார் 140 மி.மீ. முதல் ஜிபிடி வின், 2016இல் வந்தது, 155 மி.மீ. ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் பத்து எழுத்துகள். 19 மி.மீ. மையத்தொலைவில் பத்து விசை வைத்தால் 190 மி.மீ. ஆகிறது, கருவியையே தாண்டிவிடுகிறது. ஆகவே பத்து விரல்களால் தட்டும் வழக்கம் இங்கே முதல் கணக்கிலேயே முடிந்துபோகிறது. இரண்டு கட்டைவிரல்கள்தான் மீதி.

இது தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. 2002இல் மெக்கன்சி, சுக்கரெஃப் என்ற இரு ஆய்வாளர்கள், கட்டைவிரல்கள் இரண்டும் மாறி மாறித் தட்டினால் பழகியவர் எட்டக்கூடிய வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 சொற்கள் என்று கணித்தார்கள். இங்கே ஒரு சொல் என்பது ஐந்து எழுத்துத் தட்டல். 2005இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், பழக்கமில்லாதவர்களுக்குச் சிறு விசைப்பலகைகளைக் கொடுத்து 20 நிமிட அமர்வுகள் இருபது நடத்தினார்கள். மொத்தம் 400 நிமிடங்களின் முடிவில் சராசரி வேகம் அதே அறுபதைத் தொட்டது. மேசைக் கணினியில் தட்டும் பலரே இந்த வேகத்தில் தட்டுவதில்லை.

அப்படியானால் சிறிய விசை வேகத்துக்குத் தடையில்லை. தடை வேறெங்கோ இருக்கிறது.

## கை எங்கே இருக்கிறது?

கருவியை விளையாடும் நிலையில் பிடித்துப் பாருங்கள். மூன்று விரல்கள் பின்புறம் தாங்குகின்றன, சுட்டுவிரல் மேல்விளிம்பில் உள்ள தோள் பொத்தானில் படுகிறது, கட்டைவிரல் மட்டும் முன்பக்கம் விடுதலையாக இருக்கிறது. அந்தக் கட்டைவிரல் தன் அடிமூட்டை அச்சாக வைத்து ஒரு வில் வடிவப் பாதையில்தான் இயல்பாக நகரும். அந்த வில்லுக்கு உள்ளே இருக்கும் விசைக்கு விரலை மடக்க வேண்டும். வெளியே இருக்கும் விசைக்கு நீட்ட வேண்டும். இரண்டுமே களைப்பு தரும், மடக்குவது இன்னும் கூடுதலாக.

155 மி.மீ. அகலக் கருவியில் நடுக்கோடு இரு விளிம்பிலிருந்தும் 77 மி.மீ. தள்ளி இருக்கிறது. டி, ஜி, பி, ஒய், எச், என் ஆகிய நடு விசைகள் அந்தக் கோட்டை ஒட்டியே இருப்பவை. எட்டவில்லை என்றால் எழுதுபவர் என்ன செய்கிறார்? பிடியை நழுவவிட்டு உள்ளங்கையை உள்ளே தள்ளுகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் பிடி மாறுகிறது. எழுதி முடித்து விளையாட்டுக்குத் திரும்பும்போது மறுபடி மாறுகிறது. 'இந்த விசைப்பலகை வசதியாக இல்லை' என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் குறைசொல்வது இந்தப் பிடி மாற்றத்தைத்தான்; பழி விசைகளின் மேல் விழுகிறது.

எடையும் இதில் சேர்கிறது. ஸ்டீம் டெக் 669 கிராம். அந்த அளவு எடையைக் கட்டைவிரல்கள் இரண்டும் விலகிய நிலையில் எட்டு விரல்கள் மட்டும் தாங்குவது, ஒரு கனமான புத்தகத்தை அடியிலிருந்து மட்டும் ஏந்துவது போன்றது. திரை மேலே நகரும் வகைக் கருவியில் எடையும் கூடவே மேலே போகிறது. கைக்கு மேலே கனம் ஏறியதால் கருவி பின்னால் சாயப் பார்க்கிறது.

பலகையை எங்கே வைப்பது என்பதற்கு இன்றுவரை முயன்ற வழிகள் இவை:

1. ஜாய்ஸ்டிக்குகளுக்குக் கீழே, மடிப்புக் கருவியின் அடிப்பகுதியில். முதல் ஜிபிடி வின், வின் 2 இப்படி. விளையாடும்போது கை மேலே இருக்கும். எழுதும்போது கீழே இறங்க வேண்டும். அதாவது கட்டைவிரல் மடங்க வேண்டும்.
2. திரைக்கு அடியில், நழுவும் அமைப்பில். 2006இல் சோனியின் வாயோ யுஎக்ஸ் காட்டிய வழி. வின் 3, வின் 4, அயானியோ ஸ்லைடு பின்பற்றியது. இங்கே விசைகள் விளிம்பிலிருந்து கட்டைவிரலுக்கு வசதியான தொலைவில் அமையும். ஆனால் மேல்வரிசை திரையின் விளிம்பை ஒட்டி இருந்தால் நகம் இடிக்கும். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஜி1இல் வலப்பக்கத்து மேடு வலது கட்டைவிரலின் வழியை மறித்தது. அதே வகைப் பிழை இது.
3. தனியே பொருத்தும் துணைக்கருவி. மைக்ரோசாஃப்ட் 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360 கட்டுப்படுத்தியின் அடியில் மாட்டும் சிறு பலகையை விற்றது. எழுதாதபோது கழற்றிவிடலாம் என்பது நல்லது. தேவைப்படும்போது அது வேறு அறையில் இருக்கும் என்பது கெட்டது.

என் மதிப்பீட்டில் இரண்டாவது வழியே சிறந்தது. விளையாடும் பிடிக்கும் எழுதும் பிடிக்கும் உள்ள தூரம் அதில்தான் மிகக் குறைவு.

அகலத்தில் ஓர் ஆபத்தான இடைநிலையும் உண்டு. 15 செ.மீ. வரை கட்டைவிரல் ஆள்கிறது. மேசையில் வைத்துப் பல விரல்களால் தட்டுவதற்கு 20 செ.மீ.க்கு மேல் வேண்டும், 207 மி.மீ. அகல ஜிபிடி வின் மேக்ஸ் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் வரும் அகலத்தில் விசைகளைப் பலகை முழுக்கப் பரப்பினால் எந்த வகைத் தட்டலும் சரிவராது. அங்கே செய்ய வேண்டியது, பலகையை இரண்டாகப் பிளந்து பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் ஒதுக்கி, நடுவைக் காலியாக விடுவது. காலி இடத்தைப் பார்க்க வடிவமைப்பாளருக்கு மனம் வராது. விரல்களுக்கு அது நன்மை.

## விசையின் முகம்

கட்டைவிரலின் அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. விசைகளின் மையத்தொலைவோ 9 அல்லது 10 மி.மீ. தன்னைவிடப் பாதி அகலமுள்ள இலக்கை விரல் தவறாமல் அடிப்பது எப்படி?

விரலின் நுனி உருண்டையானது. தட்டையான விசைகளின் மேல் அதை அழுத்தினால் சதை பரவி மூன்று விசைகளைத் தொடும். விசையின் நடு குவிந்து மேடாக இருந்தால், அந்த மேடு முதலில் சதையில் பதியும். பக்கத்து விசைகளின் சரிவில் விரல் படுமுன் வேண்டிய விசை இறங்கிவிடும். ஆகவே 10 மி.மீ. மையத்தொலைவில் 9 மி.மீ. முகப்புள்ள தட்டை விசையைவிட, 6 மி.மீ. முகப்பும் குவிந்த மேடும் உள்ள விசை மேல். கடையில் பார்க்கும்போது பெரிய விசை வசதியாகத் தோன்றும். எழுதும்போது சிறியதே பிழை குறைவாகத் தரும்.

இதை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் பிளாக்பெர்ரியை உருவாக்கிய கனடியர்கள். 1999இல் அவர்கள் கொண்டுவந்த கருவிக்கான காப்புரிமை விளக்கத்திலேயே, கட்டைவிரலுக்காகவே அமைத்த பலகை என்று சொல்லி, நீள்வட்ட விசைகளை இருபுறமும் சாய்த்து, வரிசைகளை வளைத்து வைக்கும் முறையை விவரித்தார்கள். விரல் வரும் கோணத்துக்கு விசையைத் திருப்பிவைத்தார்கள். பின்னாளில் அந்த நிறுவனம் கைப்பேசி தயாரிப்பதை விட்டுவிட்டது. ஆனாலும் பீப்பி போன்ற சிறு லினக்ஸ் கருவிகளைச் செய்யும் ஆர்வலர்கள் இன்றும் பழைய பிளாக்பெர்ரி விசைப்பலகைகளைத் தேடி எடுத்துப் பொருத்துகிறார்கள். அதைவிட நல்லதொரு சிறு பலகையைத் தனியாகச் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சான்று.

இன்னொன்று. மேசைப் பலகையில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் கால் அல்லது அரை விசை விலகல் இருக்கிறதே, அது பழைய தட்டச்சுப் பொறியின் நெம்புகோல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வந்த ஏற்பாடு. 1874இல் ரெமிங்டன் விற்ற பொறியின் மரபு. கட்டைவிரலுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. நேர்க்கட்டம் போதும்; வளைந்த கட்டம் இன்னும் நல்லது.

## எவ்வளவு அழுத்தம்?

விசையின் அடியில் பெரும்பாலும் குமிழ் வடிவ மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அழுத்தம் ஓர் உச்சத்தை அடைந்ததும் குமிழ் சட்டென்று உள்ளே மடங்கும். அப்போது தேவையான அழுத்தம் திடீரென்று குறையும். நாம் 'டக்' என்று உணர்வது இந்தக் குறைவைத்தான். உச்சம் 160 கிராம், மடங்கிய பின் 80 கிராம் என்றால் வீழ்ச்சி 50 விழுக்காடு. வீழ்ச்சி மிகக் குறைவாக இருந்தால் விசை பிசுபிசுவென்று இருக்கும். அழுந்தியதா இல்லையா என்று தெரியாமல் எழுதுபவர் இன்னும் பலமாக அழுத்துவார். பயணம் கால் மில்லிமீட்டரே உள்ள இடத்தில் இந்தத் துள்ளல் ஒன்றுதான் விரலுக்குக் கிடைக்கும் செய்தி.

மேசைப் பலகைகளில் 45 முதல் 60 கிராம் அழுத்தம் போதும். கட்டைவிரல் வலிமையானது, ஆகவே கடினமான விசை பரவாயில்லை என்று நினைக்கலாம். அந்தக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது: முன்னாலிருந்து அழுத்தும் ஒவ்வொரு கிராமையும் பின்னாலிருந்து மற்ற விரல்கள் எதிர்த்துத் தாங்க வேண்டும். ஒரு தட்டலுக்குக் கை இரண்டு முறை உழைக்கிறது. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை வீங்கி வலிப்பதை 1895இல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி கெர்வான் விவரித்தார். கைப்பேசியில் தட்டும் காலத்தில் அதே வகை வலிக்கு 'பிளாக்பெர்ரி கட்டைவிரல்' என்ற பட்டப்பெயர் வந்தது.

வின் 3இன் தொடுதகட்டில் அழுத்தமே தேவையில்லையே, அது நல்லதல்லவா? இல்லை. தொட்டாலே எழுத்து விழும் என்பதால் கட்டைவிரலை எங்கும் ஊன்றி ஓய்வெடுக்க முடியாது. காற்றில் தொங்கவிட வேண்டும். எந்த எழுத்தின் மேல் இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாது, கண் ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டும். வின் 4இல் விசைகள் திரும்பியதை நான் பின்னடைவாகப் பார்க்கவில்லை.

## எத்தனை விசைகள்?

முழுப் பலகையில் 104 விசைகள். அத்தனையையும் 14 செ.மீ.க்குள் திணித்தால் எதுவும் அழுத்தத் தக்கதாக இருக்காது. 26 எழுத்து, ஸ்பேஸ் பார், என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப், டேப், அடுக்கு மாற்றும் விசை, கமா, முற்றுப்புள்ளி: இவை 37. இன்னும் சில குறிகளைச் சேர்த்தால் நாற்பதைத் தாண்டுகிறோம். பாண்டோராவின் 43 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல என்று இப்போது தெரிகிறது.

பாண்டோரா செய்த இன்னொரு நல்ல காரியம் போதிய அளவு பேசப்படவில்லை. அதன் இடது தோள் பொத்தான் ஷிஃப்ட்டாகவும் வலது தோள் பொத்தான் கண்ட்ரோலாகவும் வேலை செய்தன. சுட்டுவிரல்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. கட்டைவிரல் பாவம், எழுத்தையும் ஷிஃப்ட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. சும்மா இருக்கும் விரலுக்கு வேலை கொடுத்ததால் இரண்டு விசையின் இடமும் மிச்சம், களைப்பும் மிச்சம். இன்றைய கருவிகளில் பின்பக்கத்திலும் கூடுதல் பொத்தான்கள் வருகின்றன. எழுதும்போது அவற்றை அடுக்கு மாற்றப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

ஸ்பேஸ் பார் எங்கே என்பதும் முக்கியம். ஆங்கிலத்தில் ஐந்தாறு தட்டல்களுக்கு ஒன்று சொல் இடைவெளிதான். நோக்கியா என்900 கைப்பேசியில் அது வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. வலது கட்டைவிரலே ஒவ்வொரு முறையும் சுமந்தது. இரு கைக்கும் எட்டும்படி நடுவில் வைக்க வேண்டும், அல்லது பிளந்த பலகை என்றால் இரு பாதியிலும் ஒவ்வொன்று. பேக்ஸ்பேஸும் என்டரும் ஒட்டியிருக்கவே கூடாது: திருத்தப் போய், பாதி எழுதிய வரி எதிராளிக்குப் போய்ச் சேரும்.

## தமிழ் எழுத முடியுமா?

1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'கிளி' என்று தட்டினால் க வலம், இ இடம், ள வலம், இ இடம். இரண்டு கட்டைவிரல்களும் மாறி மாறி இயங்குவதே வேகம் என்று மேலே பார்த்தோம். பத்து விரலுக்காகச் செய்த அமைப்பு, இரண்டு விரலுக்கும் இவ்வளவு பொருந்துகிறது.

தடை வேறு இடத்தில் வருகிறது. தமிழ்99க்கு 31 விசைகள் வேண்டும். ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் ஆங்கிலத்தில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு இருக்கும் விசைகளில் அமர்ந்திருக்கின்றன. சிறு பலகையில் இடம் போதாதபோது முதலில் இரண்டாம் அடுக்குக்குத் தள்ளப்படுபவை இந்தக் குறிகள்தான். விளைவு, 'தமிழ்' என்ற சொல்லையே அடுக்கு மாற்றாமல் எழுத முடியாது. 'நான்', 'யார்', 'சரி' எதையும் முடியாது.

தீர்வு எளிது. எழுத்துப் பகுதியைப் பத்துக்கு மூன்று என்ற நேர்க்கட்டமாக அமைத்தால் 30 இடங்கள். அரிதாகவே தனித்து வரும் ங, ஔ இரண்டையும் அடுக்குக்கு அனுப்பினால் மீதி 29 எழுத்துகளும் அதற்குள் அடங்கும். ஆங்கிலத்துக்கு அதே கட்டத்தின் மிச்ச நான்கு இடங்களில் நிறுத்தக்குறிகள் அமரும். ஒரு மொழிக்காக மற்றதைக் கெடுக்க வேண்டியதில்லை.

## மின்சுற்று

43 விசைக்கு 43 கம்பி இழுப்பதில்லை. ஏழு வரிசை, ஏழு நிரல் கொண்ட வலையாக அமைத்தால் 14 கம்பி போதும். ஆனால் வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுந்தியதாகத் தெரியும். இரண்டு கட்டைவிரலால் மட்டும் எழுதும்போது இது நேராது. ஷிஃப்ட்டைப் பிடித்தபடி விளையாடும்போது நேரும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 'டையோடு' என்ற சிறு உறுப்பை ஒவ்வொரு விசைக்கும் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது, செலவும் அற்பம்.

## சோதிக்கும் முறை

பொறி செய்வதற்கு முன்பே பாதி உண்மை தெரிந்துவிடும். பலகையை அசல் அளவில் அச்சிட்டு, அதே அகலமுள்ள அட்டைப்பெட்டியில் ஒட்டி, கருவியின் எடைக்கு நாணயங்களை உள்ளே வைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். எட்டாத விசை அப்போதே தெரியும்.

விசைகளுடன் கூடிய மாதிரி வந்த பிறகு, இரண்டு நிமிடச் சோதனையை நம்பக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் புதுமை தாங்கும். களைப்பு பதினைந்தாவது நிமிடத்தில்தான் பேசும். எழுதத் தரும் வரிகளில் வெறும் வாக்கியங்கள் போதாது. எண்ணும் குறியும் கலந்த ஒரு கடவுச்சொல், ஒரு கோப்புப் பாதை, விளையாட்டின் நடுவே அவசரமாக அனுப்பும் ஒரு பதில், ஒரு தமிழ் வரி ஆகியவை இருக்க வேண்டும். வேகத்தையும் பிழையையும் குறித்துக்கொள்ளும் அதே தாளில், எழுதுபவர் எத்தனை முறை பிடியை மாற்றினார் என்பதையும், கடைசி எழுத்தைத் தட்டியபின் ஜாய்ஸ்டிக்குக்குக் கை திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டு மாதிரிகள் வேகத்தில் சமமாக இருந்தால், பிடியை மாற்றிய எண்ணிக்கை குறைவாக உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன்.